"விட்டுட்டு வா" என்று சொல்வதற்கு முன்னால்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டுக்குள் நடக்கும் வன்முறையைப் பற்றியவை. அடிபட்டவர்களைவிட அவர்கள் பக்கத்தில் நிற்பவர்கள்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள். ஆள் யாரென்று தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுத்தான் கேள்விகளைத் தருகிறேன்.

கேள்வி: அக்கா, என் நெருங்கிய தோழியை அவள் கணவர் அடிக்கிறார். ராத்திரி பதினொரு மணிக்குக் குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் எனக்குப் போன் செய்து அழுவாள். மூன்று வருடமாக "விட்டுட்டு வா, என்னோடு இரு" என்கிறேன். இரண்டு தடவை வந்தாள், இரண்டு தடவையும் பத்தே நாளில் திரும்பிப் போய்விட்டாள். போன மாதம் கோபத்தில் "இனிமேல் எனக்குப் போன் செய்யாதே" என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவள் கூப்பிடவே இல்லை. நான் செய்தது தப்பா?

பதில்: தப்பா சரியா என்பதைப் பிறகு பார்ப்போம், முதலில் அவளைத் தொடர்புகொள்ளுங்கள். அவள் போனைக் கணவர் எடுத்துப் பார்ப்பார் என்ற கணக்கிலேயே எழுதுங்கள். "பேசி ரொம்ப நாளாச்சு, நேரம் கிடைக்கும்போது கூப்பிடு" என்றால் போதும். மன்னிப்பு, அடி, போலீஸ் எதுவும் அந்தச் செய்தியில் வேண்டாம். அவள் கூப்பிட்டதும் "பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?" என்று கேளுங்கள், ஆமாம் இல்லை என்று ஒரே வார்த்தையில் அவள் பதில் சொல்லிவிடலாம்.

அவள் திரும்பிப் போனதை யாருடைய தோல்வியாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இப்படிப்பட்ட உறவிலிருந்து பலரும் ஒரே தடவையில் வெளியே வந்துவிடுவதில்லை, போவதும் வருவதுமாகத்தான் இருக்கும். கையில் காசு இருக்காது, குழந்தைகளைப் பார்க்கவே விடமாட்டேன் என்று மிரட்டல் இருக்கும், அடித்த மறுநாள் அதே ஆள் அழுது மன்னிப்புக் கேட்டிருப்பார், எல்லாவற்றுக்கும் மேலே பயம். அந்தப் பயம் வீண் பயம் இல்லை. பிரியப்போகிறாள் என்று தெரியவரும் நேரமும், பிரிந்த பிறகு வரும் மாதங்களும்தான் உயிருக்கு அதிக ஆபத்தான காலம். அவருக்கு எப்போது, எதற்கு, எந்த அளவு கோபம் வரும் என்று அவளுக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட நமக்குத் தெரியாது.

நான் ஆலோசகர் வேலைக்கு வந்த புதிதில் ஒரு பெண் என் எதிரே வந்து உட்கார்ந்தார். பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை, நான் பேசிய நேரம் முழுக்க அதன் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். இருபது நிமிடத்தில் நான் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டேன், இன்றைக்கே கிளம்புங்கள், இன்ன இடத்தில் தங்குங்கள், நாளைக்குப் புகார் கொடுத்துவிடலாம். எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றார். அப்புறம் அவர் வரவேயில்லை. அது வீட்டில் தினமும் சொல்லிச் சொல்லிப் பழகிய "சரிங்க" என்று எனக்குப் புரிய வருடங்கள் ஆயின.

உங்கள் தோழி விஷயத்திலும் அதைத்தான் யோசிக்கச் சொல்கிறேன். அந்த வீட்டில் யாரோடு பேசலாம், எவ்வளவு செலவு செய்யலாம் என்று அவள் கணவர் முடிவு செய்கிறார். வெளியே வந்தால் எப்போது கிளம்புவது, எங்கே இருப்பது என்று நீங்கள் முடிவு செய்கிறீர்கள். உங்கள் மனசு நல்ல மனசுதான், ஆனாலும் அவளுடைய முடிவு இன்னும் அவள் கைக்கு வரவில்லை. "ஏன் இவ்வளவு நாள் பொறுத்துக்கிட்டே?" என்பதற்குப் பதிலாக "இப்போ உனக்கு எது வேணும்?" என்று கேட்டுப் பாருங்கள். "எனக்கே தெரியல" என்று அவள் சொன்னால் அதுவும் ஒரு பதில்தான், அவசரப்படுத்தாதீர்கள்.

ஒரு கேள்வியை மட்டும் கட்டாயம் கேளுங்கள்: எப்போதாவது கழுத்தை நெரித்திருக்கிறாரா? அமெரிக்காவில் 2008இல் வெளியான ஆய்வு ஒன்று, முன்பு கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பிறகு அதே துணையால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் என்று கண்டது. வெளியே காயமே தெரியாமல் உள்ளே பாதிப்பு இருக்கலாம். குரல் கம்மியிருக்கிறது, விழுங்க முடியவில்லை, கண்ணில் சிவப்புப் புள்ளிகள், கொஞ்ச நேரம் நினைவில்லை என்றால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஆயுதம் இருக்கிறதா, கொன்றுவிடுவேன் என்று மிரட்டுகிறாரா, அடி அடிக்கடி ஆகிறதா என்பதும் முக்கியம்.

அவள் அங்கேயே இருக்கிறேன் என்றாலும் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. சான்றிதழ்களின் நகலும் கொஞ்சம் பணமும் உங்களிடம் இருக்கட்டும். உங்கள் இருவருக்கும் மட்டும் புரிகிற ஒரு வார்த்தை பேசி வைத்துக்கொள்ளுங்கள், அது வந்தால் நீங்கள் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை அவளே சொல்லி வைக்கட்டும். சண்டை முற்றும்போது சமையலறைக்குள்ளோ ஒரே கதவு உள்ள அறைக்குள்ளோ போகாமல் வாசல் பக்கம் நகர வேண்டும். போனில் எல்லாவற்றையும் அழித்துவிடு என்று சொல்லாதீர்கள், திடீரென்று காலியாக இருக்கும் போனே சந்தேகத்தைக் கிளப்பும்.

கேள்வி: ஒரு உதவி மையத்தில் ஆலோசகராகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. ஒரு பெண் புகார் சொன்ன மறுநாள் அவர் கணவர் வந்து, மிகவும் மரியாதையாக, "இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசுங்கள் மேடம்" என்கிறார். பேசலாமா? அந்தப் பெண் முதல் நாள் சொன்னதற்கும் இரண்டாம் நாள் சொன்னதற்கும் ஒத்தே போகவில்லை, அதுவும் குழப்பமாக இருக்கிறது.

பதில்: சேர்த்து உட்கார வைக்காதீர்கள். அடி நடக்கும் வீட்டில் தம்பதி ஆலோசனை ஆபத்தில் முடியலாம். உங்கள் அறையில் அந்தப் பெண் உண்மையைச் சொன்னால் அதற்கான விலையை வீட்டுக்குப் போய்க் கொடுப்பார், சொல்லாவிட்டால் நீங்கள் பொய்யை வைத்துச் சமரசம் செய்வீர்கள். இன்னொன்றும் இருக்கிறது. சேர்ந்து உட்கார்ந்த உடனேயே "உங்கள் இருவருக்கும் இடையிலான பிரச்சினை" என்று அது மாறிவிடுகிறது, அடித்தது யார் என்பது மறைந்துவிடுகிறது. கணவருடைய மரியாதையை வைத்து எதையும் எடைபோட வேண்டாம், வெளியே தன்மையாகப் பேசுகிற பலர் வீட்டில் வேறு ஆள். அவருக்கு உதவி வேண்டுமென்றால் அது தனியாக, வேறு ஆலோசகரிடம். அந்தப் பெண் சொன்ன ஒரு வார்த்தைகூட, அவர் வந்தார் என்பது உட்பட, கணவருக்குப் போகக்கூடாது.

சொன்னது மாறுகிறது என்கிறீர்களே, அதில் பயப்பட ஒன்றுமில்லை. பயத்தின் உச்சத்தில் பதிந்த நினைவு வரிசையாக இருக்காது. கதவின் நிறம் ஞாபகம் இருக்கும், நாள் ஞாபகம் இருக்காது. நீங்கள் நம்பிக்கைக்கு உரியவரா என்று பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்பவர்களும் உண்டு. உலக சுகாதார அமைப்பு 2014இல் வெளியிட்ட கையேட்டிலும் முதல் வேலை குறுக்கிடாமல் கேட்பதுதான், அப்புறம்தான் தேவையைக் கேட்டறிவது, நம்புகிறேன் என்று காட்டுவது, பாதுகாப்பை யோசிப்பது, அடுத்த உதவியோடு சேர்த்துவைப்பது. ரகசியம் காக்க முடியாத இடம் எது என்பதை, அதாவது குழந்தைக்கோ உயிருக்கோ ஆபத்து என்றால் உங்கள் சட்டப்படி என்ன செய்தாக வேண்டும் என்பதை, அவர் பேச ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பாதியில் சொன்னால் அது துரோகமாகப் படும். அப்புறம், கேட்டதை எல்லாம் மனசில் வைத்துக்கொண்டு நீங்கள் தூங்காமல் கிடக்க வேண்டாம், அனுபவமுள்ள ஒருவரிடம் வாரம் ஒரு முறையாவது பேசுங்கள். அது இந்த வேலையின் ஒரு பகுதி.

கேள்வி: அவர் என் மேல் கை வைத்ததே இல்லை. ஆனால் சம்பளம் அவர் கையில், என் போன் அவர் கையில், அம்மாவோடு எத்தனை நிமிடம் பேசினேன் என்றுகூடக் கணக்கு. இதையும் வன்முறை என்று சொல்லலாமா?

பதில்: சொல்லலாம். சமூகவியலாளர் ஈவான் ஸ்டார்க் 2007இல் இதைத்தான் விரிவாக எழுதினார், அடி இல்லாமலேயே ஒருவரைச் சிறைவைக்க முடியும் என்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015இல் இதைத் தனிக் குற்றமாகவே சட்டத்தில் சேர்த்தார்கள். அடிக்கவில்லையே என்று உங்களை நீங்களே சமாதானப்படுத்திக்கொள்ள வேண்டாம். உதவி கேட்கக் காயம் காட்ட வேண்டிய அவசியமில்லை. ஆண்களுக்கும் இது நடக்கிறது, அவர்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: ஆறு வயதுப் பையன் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். எதுவும் கேட்பதில்லை, சும்மா இருக்கிறான். மறந்திருப்பானா?

பதில்: மறந்திருக்க மாட்டான். அடிக்கடி வயிறு வலிக்கிறது என்பான், படுக்கை நனையும், இல்லையென்றால் ரொம்ப நல்ல பிள்ளையாக இருப்பான், அதையும் கவனியுங்கள். "நடந்தது உன்னால இல்ல" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், ஒரு தடவை போதாது. சண்டையில் நடுவே வரக்கூடாது, பத்திரமான இடத்துக்குப் போய் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். உங்களுக்கு ஆறுதல் சொல்லும் வேலையை மட்டும் அவனிடம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: வெளியே வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. இன்னமும் யாராவது பூட்டில் சாவியைத் திருப்பினால் உடம்பு அப்படியே உறைந்துவிடுகிறது. "அதான் முடிஞ்சு போச்சே" என்கிறார்கள்.

பதில்: உங்கள் உடம்புக்கு இன்னும் முடியவில்லை. அந்தச் சாவிச் சத்தம்தான் அன்றைக்கு உங்களைக் காப்பாற்றியது, வந்துவிட்டார் என்று முன்கூட்டியே சொன்னது அதுதான். மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் மீட்சியை மூன்று கட்டமாகச் சொன்னார்: முதலில் பாதுகாப்பு, பிறகு நடந்ததை நினைத்து அழுது தீர்ப்பது, அதன் பிறகு மனிதர்களோடு மறுபடி சேர்வது. முதல் கட்டம் உறுதியாகும் முன்பு நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லச் சொல்கிற ஆலோசகரிடம் "இன்றைக்கு வேண்டாம்" என்று நீங்கள் சொல்லலாம். சத்தம் கேட்கும்போது பாதத்தைத் தரையில் அழுத்தி, கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லுங்கள். உங்களோடு இருப்பவர்களிடம் கதவைத் திறக்கும் முன்பு "நான்தான்" என்று குரல் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இப்போது உங்கள் கதவு, நீங்கள் கேட்கலாம்.