ஹோவர்டு என்னங்க பாவம் பண்ணினான்?

வாசகர் கேள்வி – பதில்

இரண்டு இதழுக்கு முன்னால் 'பெட்டர் கால் சால்' பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். நெட்பிளிக்ஸில் கிடக்கிறது, பொழுது போகாதவர்கள் பாருங்கள் என்று, அவ்வளவுதான். அதற்கு வந்த கடிதங்களைப் பிரித்தால் முக்கால்வாசி ஒரே எபிசோடைப் பற்றி: ஆறாவது சீசன், ஏழாவது எபிசோடு. எனவே இந்த முறை மஞ்சள் விலை, பேரூர் பஸ், மாமியார் பிரச்சினை எல்லாம் அடுத்த இதழுக்கு. அந்த எபிசோடு வரைக்கும் இன்னும் வந்து சேராதவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள். கதை தெரிந்துபோச்சு என்று அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

ப்ரீக்வல், ப்ரீக்வல் என்கிறீர்களே, அதற்குத் தமிழில் சொல்லே இல்லையா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கோபிசெட்டிபாளையம்

முன்கதை, ஐயா. தொடர்கதை படித்து வளர்ந்த நமக்கு 'முன்கதைச் சுருக்கம்' தெரியாதா? வாரப் பத்திரிகையில் எட்டு வரி போடுவார்கள். இது 63 எபிசோடு. 2008-லிருந்து 2013 வரை ஓடிய 'பிரேக்கிங் பேட்', அமெரிக்காவில் ஆல்புகர்க்கி என்கிற ஊரில் ஒரு வேதியியல் வாத்தியார் போதைப்பொருள் காய்ச்சப் போன கதை. அதில் நடுவில் வந்து ஒட்டிக்கொண்ட கோணல் வக்கீல் சால் குட்மேன், அதற்குச் சில வருஷம் முன்னால் ஜிம்மி மெக்கில் என்ற சொந்தப் பெயரில் எப்படி இருந்தான், எப்படிக் கெட்டான் என்பதுதான் 2015-ல் தொடங்கி 2022-ல் முடிந்த இந்தத் தொடர். முதலில் வந்தது 62 எபிசோடுதான். சுருக்கத் தெரியாதவர்கள் என்று நீங்கள் சிவப்பு மையில் குறிப்பு எழுதலாம்.

நம்ம பக்கத்துக்கு இது ஒன்றும் புதிதில்லை. அண்ணன்மார் கதையில் பொன்னரும் சங்கரும் பிறந்து வருவதற்குள் அப்பன் குன்னுடையான் பட்டபாடு, ஆத்தா தாமரை தவம் கிடந்தது என்று உடுக்கடிக்காரர் எத்தனை ராத்திரியை ஓட்டுவார்!

ஹோவர்டு என்னங்க பாவம் பண்ணினான்? அவன் பாட்டுக்கு ஒரு பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நியாயம் கேட்டான். அவனைப் போய் இப்படிச் சுட்டுப்போட்டார்களே! எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. எங்க வீட்டுக்காரர், 'அந்த ஆள் இந்நேரம் வேற ஷூட்டிங்ல இருப்பான், நீ சாப்பிடு' என்று சிரிக்கிறார்.
– இல்லத்தரசி, பெருந்துறை

அம்மணி, அவர் சிரிக்கட்டும். உங்களுக்குச் சோறு இறங்காமல் போனதற்குக் காரணம் இருக்கிறது.

பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஹோவர்டு ஹாம்லின் ஒரு பெரிய வக்கீல் கம்பெனியின் தலைவர். கலையாத முடி, மடிப்புக் கலையாத கோட்டு, கார் நம்பர் பிளேட்டில் 'நமஸ்தே'. பார்த்ததும் பிடிக்காமல் போகிற ரகம். முதியோர் இல்லத்து வழக்கு ஒன்று சீக்கிரம் முடிந்து பங்குப் பணம் வரவேண்டும் என்று ஜிம்மியும் அவன் மனைவி கிம்மும் சேர்ந்து அந்த ஆளைக் கொக்கெய்ன் பழக்கக்காரர் என்று எல்லாரும் நம்பும்படி வலை பின்னுகிறார்கள். ஏழாவது எபிசோடில் வலை இறுகுகிறது. மருந்து தடவிய போட்டோக்களைக் கையில் தொட்டதும் கண்மணி விரிந்து, வேர்த்து, அந்த வழக்கின் பஞ்சாயத்துக்கு வந்த நீதிபதியையே 'இவர் லஞ்சம் வாங்கினார்' என்று எல்லார் முன்னாலும் கத்தி, மனுஷன் மானம் போகிறது. அன்றைக்கு ராத்திரி தம்பதி வீட்டுக்கு வந்து, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்துகொண்டு லாலோ சலமாங்கா என்கிற கொலைகாரன் வருகிறான். அவன் தேடி வந்தது இவரை இல்லை. இவர் நடுவில் நிற்கிறார், அவ்வளவுதான் குற்றம்.

எங்க அமுச்சியோடு சின்ன வயதில் அண்ணன்மார் கதை கேட்கப் போவேன். சண்டை நடக்கிறபோது அமுச்சி கண்டுகொள்ளாமல் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருப்பார். சங்கர் சாகிற இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், உடுக்கையின் அடி மாறும்போதே, வெற்றிலைப் பையை மூடி இடுப்பில் செருகிவிட்டு முந்தானையை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். அப்புறம்தான் அழுகை. அவருக்கு மட்டும் இல்லை, அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் முடிவு தெரியும். வீரப்பூரில் மாசி மாசம் அந்தச் சாவை நடித்துக்காட்டும் படுகளம் விழுகிறதைப் பார்க்க வருஷா வருஷம் அத்தனை கூட்டம் போகிறதே, கதை தெரியாமலா போகிறார்கள்? தெரிந்த சாவுக்குத் தயாராக உட்கார்ந்து அழலாம். ஹோவர்டு நமக்கு முந்தானையை எடுக்க நேரம் கொடுக்கவில்லை. பேச்சு பாதியில் இருக்கிறது, ஒரு சத்தம், மேசை முனையில் தலை மோதி ஆள் கீழே கிடக்கிறார்.

ஆனால் அதிர்ச்சி மட்டும் என்றால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால் போய்விடும். உங்களுக்கு இரண்டு நாள் போகவில்லையே! ஏனென்றால் அதுவரைக்கும் நாம் சிரித்துக்கொண்டிருந்தோம். ஜிம்மியும் கிம்மும் அந்த ஆளை மாட்டிவிடும்போதெல்லாம் 'நல்லா வேணும்' என்று வீட்டில் உட்கார்ந்து மிக்சர் கொறித்துக்கொண்டே ரசித்தவர்கள் நீங்களும் நானும்தான். படம் எடுத்தவர்களுக்கு அது தெரியும். அதனால்தான் ஆறாவது எபிசோடில் ஹோவர்டு மனைவிக்காகக் காபி போட்டு நுரைமேல் அழகாகச் சமாதானச் சின்னம் வரைந்து கொடுப்பதைக் காட்டுகிறார்கள். அந்த அம்மா அதைப் பார்க்கக்கூட இல்லாமல் வெளியே கொண்டுபோகிற கப்பில் ஊற்றிவிடுகிறார், சின்னம் கலைந்துபோகிறது. ஏழாவதில், குலுங்கிப்போன சோடா டின்னைப் பொங்காமல் திறப்பது எப்படி என்று தன் கம்பெனியில் ஒரு இளைஞனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். மேசைமேல் வைத்து நிதானமாகச் சுழற்றிவிட்டு, அப்புறம் திறக்க வேண்டும். ஒரு சொட்டு வெளியே வராது. சாகப்போகிற மனுஷனைப் பற்றி நாம் நல்லதாகத் தெரிந்துகொண்டது அவ்வளவு லேட்டாக.

சரி, என் கதையையும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் நூலுக்குக் கஞ்சி போடும் ஒரு சைசிங் மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கஞ்சி காய்கிற ஆவியில் எங்கள் சட்டையெல்லாம் பாவுத்துணி மாதிரி விறைத்துக் கிடக்க, அங்கே ஒரு மேற்பார்வையாளர் மட்டும் தினமும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வருவார், கையில் ஒரு கைக்குட்டை. எங்களுக்கு ஆகாது. நூல்காரனிடம் கமிஷன் வாங்குகிறார் என்று நாலு பேர் விளையாட்டுக்குக் கிளப்பிவிட்டோம், அந்த நாலில் நான் ஒருத்தன். விளையாட்டு முதலாளி காதுக்குப் போனது. அவர் யாரிடமும் சத்தம் போடவில்லை, ஒரு வாரத்தில் கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஏழெட்டு வருஷம் கழித்து ஈரோடு பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து அவராகக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். 'யாரோ சொல்லிப்போட்டாங்க, விடுங்க' என்றார். நான் டீயைக் குடித்தேன். சட்டை அப்போதும் வெள்ளைதான், காலர் மட்டும் பிரிந்து தைத்திருந்தது.

அந்த எபிசோடு முடிந்ததும் எனக்கு லாலோமேல் கோபம் வரவில்லை, அம்மணி.

ஆறு சீசனா கிம் செத்துப்போயிடுவாளோன்னு வெசனப்பட்டே கிடந்தேன். கடைசியில் வேற ஆளைச் சாகடிச்சு ஏமாத்திட்டாங்களே?
– ராத்திரி ஷிப்ட், திருப்பூர்

உங்களை மட்டுமா ஏமாற்றினார்கள்! உலகம் பூராவும் அந்த ஒரே வெசனம்தான். பிரேக்கிங் பேடில் கிம் என்ற பெயரே கிடையாது, அப்படியானால் இடையில் என்னமோ ஆகியிருக்க வேண்டும் என்று எல்லாரும் கணக்குப் போட்டார்கள். முன்கதையில் இது ஒரு வசதி. பிரேக்கிங் பேடிலும் வருகிறவர்கள் என்பதால் ஜிம்மி சாகமாட்டான், அடியாள் மைக் சாகமாட்டார், போதைப்பொருள் வியாபாரி கஸ் சாகமாட்டார், அவர்கள் நெற்றியில் துப்பாக்கி வைத்தால்கூட நாம் காபி ஆற்றலாம். ஆனால் ஹோவர்டு பெயரும்தான் அதில் இல்லை! பந்தியில் யார் உட்காரவில்லை என்று எண்ணும்போது நாம் கிம்மை மட்டும் எண்ணிவிட்டு எழுந்துவிட்டோம்.

நீங்களாவது அடுத்த எபிசோடை உடனே தட்டியிருப்பீர்கள். 2022 மே 23-ல் இது வந்தபோது பார்த்தவர்களுக்கு அடுத்தது ஜூலை 11-ல்தான். ஏழு வாரம் அந்தப் பிணம் கார்ப்பெட்டிலேயே கிடந்தது.

இதெல்லாம் முன்னாடியே மொத்தமாகத் திட்டம் போட்டு எழுதின கதையா, இல்லை ஓடுகிற வண்டியில் ஏறினதா?
– உதவி இயக்குநராகத் துடிப்பவன், பொள்ளாச்சி

ஏறினதுதான், தம்பி. 2009-ல் பிரேக்கிங் பேடின் இரண்டாவது சீசனில், முகமூடி போட்ட இரண்டு பேர் சால் குட்மேனைப் பாலைவனத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்க் குழிக்கு முன்னால் முட்டி போட வைப்பார்கள். பயத்தில் அவன், 'நான் இல்லை, இக்னாசியோதான்!' என்று கத்துவான். கொஞ்சம் பொறுத்து, 'லாலோ அனுப்பலையா?' என்று கேட்பான். யார் இக்னாசியோ, யார் லாலோ? அப்போது யாருக்கும் தெரியாது. ஒரு உளறல். அந்த எபிசோடை எழுதிய பீட்டர் கூல்ட்தான் பின்னால் பிரேக்கிங் பேடைப் படைத்த வின்ஸ் கில்லிகனோடு சேர்ந்து இந்த முன்கதையை உருவாக்கினார். அந்த உளறலில் வந்த இக்னாசியோதான் முன்கதையில் நாச்சோ என்ற செல்லப்பெயரோடு வந்தான். லாலோ வர 2018 ஆனது, நாலாவது சீசன். ஒன்பது வருஷம் முன்னால் போட்ட விதை, முளைத்து வளர்ந்து கடைசியில் போய் ஹோவர்டைக் கொத்தியது.

மைக் கதை இன்னும் வேடிக்கை. சாலாக நடிக்கும் பாப் ஓடன்கிர்க்குக்கு ஒரு நாள் வேறு தொடரில் வேலை இருந்தது. அவருக்குப் பதில் வந்து நிற்க ஒரு ஆள் வேண்டும் என்று எழுதிய பாத்திரம்தான் மைக். மாப்பிள்ளைத் தோழனாக வந்தவன் வீட்டோடு தங்கிவிட்ட கதை.

மைக் முன்கதையில் இன்னும் கிழவனாக இருக்கிறாரே, யாரும் கவனிக்கவில்லையா?
– மூக்குக்கண்ணாடிக்காரர், தாராபுரம்

ஜொனாதன் பேங்க்ஸ் முதலில் மைக்காக வந்தபோது 62 வயது. கதை சில வருஷம் பின்னால் போயிருக்கிறது, ஆனால் முன்கதை முடிந்தபோது ஆளுக்கு 75 ஆகியிருந்தது. நம் சினிமாவில் கல்லூரி மாணவர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதெல்லாம் ஒரு குறையா?

என்னதான் சொல்லுங்கள், அந்த ஏமாற்று வேலையால் முதியோர் இல்லத்துக் கிழவிகளுக்குப் பணம் சீக்கிரம் கிடைத்ததே. ஜிம்மி செய்ததில் பாதி நல்லதுதானே?
– பிள்ளைகள் வெளிநாட்டில், கோவை

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கித்தான் பதில் எழுதுகிறேன். முதியோர் இல்லத்துக்காரன் பில்லில் கூட்டிக் கூட்டிப் போட்டான், அதைக் குப்பைத் தொட்டியில் கிடந்த காகிதத்தை ஒட்டவைத்துக் கண்டுபிடித்தவன் ஜிம்மி, அதுவரைக்கும் சரி. ஆனால் மூன்றாவது சீசனை நினைத்துப் பாருங்கள். தன் பங்கு சீக்கிரம் வரவேண்டும் என்பதற்காக ஐரீன் என்கிற பாவப்பட்ட பாட்டிக்குப் புது ஷூ வாங்கிக் கொடுத்து, 'பார், இவளுக்குக் கஷ்டமில்லை, அதனால்தான் நம் பணத்தைத் தாமதப்படுத்துகிறாள்' என்று மற்ற பாட்டிகள் நினைக்கும்படி செய்தான். அந்த அம்மா பேசுவதற்கு ஆள் இல்லாமல் தனியாக உட்கார்ந்தார். கடைசியில் குற்றத்தை அவனே ஒப்புக்கொண்டு சரிசெய்தான் என்பது உண்மைதான். பில்லில் போனது பணம். ஐரீனிடமிருந்து ஜிம்மி எடுத்தது கூட உட்கார ஒரு ஆள். எது பெரிது என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

ஷூட்டிங்கில் ஹீரோவுக்கு நிஜமாகவே நெஞ்சுவலி வந்ததாமே?
– மருந்துக்கடை, கரூர்

ஆமாம், 2021 ஜூலையில் பாப் ஓடன்கிர்க் படப்பிடிப்புத் தளத்திலேயே மயங்கி விழுந்தார். அந்த நேரம் பக்கத்தில் இருந்து அவரைப் பிடித்துக்கொண்டு உதவிக்குக் கத்தியவர்கள் கிம்மாக நடித்த ரியா சீஹார்னும், ஹோவர்டாக நடித்த பேட்ரிக் ஃபேபியனும். பிழைத்து, சில வாரத்தில் வேலைக்கே திரும்பிவிட்டார். இவ்வளவுக்கும் பிறகு இந்தத் தொடருக்கு அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதில் 53 பரிந்துரை, கிடைத்தது பூஜ்ஜியம். மருந்துக்கடையில் இதற்கு ஏதாவது இருக்கிறதா?

லாலோ வருவதற்கு முன்னால் மெழுகுவத்தி ஆடுதே, பார்த்தீர்களா?
– பிளஸ் டூ, சத்தியமங்கலம்

பார்த்தேன். கதவு திறக்கிறது, காற்று வருகிறது, சுடர் சாய்ந்து நிமிர்கிறது. பின்னணி இசை எதுவும் அலறவில்லை. நம் ஆட்கள் இதையே எடுத்திருந்தால் இடி, மின்னல், மூன்று கோணத்தில் கதவு. படிக்கிற வேலையையும் கொஞ்சம் பார்.

இதை முடித்ததும் மறுபடி பிரேக்கிங் பேட் பார்க்கலாமா, அதே ருசி இருக்குமா?
– முட்டை வியாபாரி, நாமக்கல்

பாருங்கள், ஆனால் ருசி மாறியிருக்கும். எட்டாவது எபிசோடில் லாலோவும் சாகிறான். கஸ் சலவைக்கூடத்துக்கு அடியில் ரகசியமாகக் கட்டிக்கொண்டிருக்கும் ஆய்வகத்தின் குழியில் கொன்றவனையும் கொல்லப்பட்டவரையும் ஒன்றாகப் போட்டு மூடிவிடுகிறார்கள். ஊருக்கு ஹோவர்டு போதையில் கடலில் இறங்கிப் போய்விட்ட ஆள். அவர் காரும் ஷூவும் கடற்கரையில் கிடக்கும்.

அதே ஆய்வகத்தில்தான் பிரேக்கிங் பேடில் வாத்தியாரும் அவருடைய பழைய மாணவன் ஜெஸ்ஸியும் மாசக்கணக்கில் காய்ச்சுகிறார்கள், சாப்பிடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். மூன்றாவது சீசனில் ஒரு முழு எபிசோடு அங்கே ஒரே ஒரு ஈயை விரட்டுவார்கள். போன வாரம் அதை மறுபடி போட்டுப் பார்த்தேன். பேரன் ஈ எங்கே, ஈ எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தான். நான் ஈயைக் கவனிக்கவே இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.