வெயிலே இல்லாத நாளிலும் துணி எப்படிக் காய்கிறது?

கேள்வி: தண்ணீர் 100 பாகை செல்சியஸில்தானே ஆவியாகும்? அப்படியென்றால் நுவரெலியாக் குளிரில் கொடியில் போட்ட துணி காய்வது எப்படி?

100 பாகை என்பது கடல் மட்டத்தில் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை. ஆவியாவதற்குக் கொதிக்க வேண்டியதில்லை. நீரின் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே வேகத்தில் அசைவதில்லை. மேற்பரப்பில் இருக்கும் வேகமானவை எந்தக் குளிரிலும் காற்றுக்குத் தப்பிவிடும். மெதுவானவை மிஞ்சுவதால் மீதி நீர் குளிர்கிறது. நனைந்த சட்டையோடு காற்றில் நின்றால் நடுங்குவது அதனால்தான்.

ஆனால் தப்பியவை திரும்பியும் வரும். மூடுபனி இறங்கிய நாளில் காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருப்பதால், போவதும் வருவதும் சமமாகிவிடும். லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு) வாசலில் மூன்று நாளாகியும் துணி ஈரமாகவே தொங்குவதற்குக் குளிரைவிட இந்த ஈரக்காற்றே பெரிய காரணம்.

இதை நன்றாக அறிந்தவர்கள் தேயிலைத் தொழிற்சாலைக்காரர்கள். பறித்த கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதை நீளத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து மின்விசிறியால் காற்றை ஊதி, பல மணி நேரம் வாட்டுவார்கள். ஈரமான நாளில் காற்றைக் கொஞ்சம் சூடாக்க வேண்டிவரும்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம், இலங்கை மலைநாட்டின் கிழக்குச் சரிவில் உள்ள ஊவாப் பக்கம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் அட்டன் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி ஊவாவின் பதுளைப் பக்கம் இறங்கும்போது சூடாகி வறண்டுவிடும். கச்சான் காற்று என்பது இதைத்தான். ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே துணியும் சீக்கிரம் காயும், ஊவாத் தேயிலையின் பேர்போன வாசமும் அந்த மாதங்களில்தான் கூடும்.