30 மணி நேரமா, 9 மணி நேரமா?

30 மணி நேரம் பிரசவ வலியில துடிச்சிருக்கீங்க, ஆனா ஆஸ்பத்திரியில குடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில பிரசவ வலி 9 மணி நேரம்னு போட்டிருக்காங்க. ரெண்டுமே சரியா இருக்கலாம் தோழி, எண்ண ஆரம்பிச்ச இடம்தான் வேற. நீங்க முதல் வலியிலிருந்து எண்ணுறீங்க. அவங்க பொதுவா கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. திறந்ததிலிருந்து எண்ணுவாங்க, உலக சுகாதார நிறுவனம் 2018-ல சொன்ன கணக்கு அது. சில ஆஸ்பத்திரியில இன்னும் பழைய 4 செ.மீ.தான். அங்கிருந்து முழுசா 10 செ.மீ. திறக்க, தலைப்பிரசவத்துக்கு 12 மணி நேரம் வரைகூடப் போகும். முக்கிப் பெறுற நேரம் தனி. 5 செ.மீ.க்கு முந்தின வலி ஆளுக்கு ஆள் ரொம்ப மாறும், அதுக்கு வரம்பே வைக்கலை. ஆனா அதுவும் பிரசவ வலிதான். தூங்காம கழிச்ச அந்த ராத்திரியை யாரும் 'பொய்வலி'ன்னு தள்ள விடாதீங்க. அடுத்த பிரசவத்துல டாக்டர் கேட்டா, முதல் வலி எப்போ, வலி சீரா வந்தது எப்போ, பனிக்குடம் உடைஞ்சது எப்போன்னு மூணையும் சொல்லுங்க.