வாயோரச் சுருக்கத்துக்குப் போட்ட ஊசி: வழக்கு எந்த வரியில் இருக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 48. திண்டுக்கல்லில் பள்ளி ஆசிரியை. மேல்வரிசைப் பற்கள் இரண்டை எடுத்த பிறகு மேலுதட்டுக்கு மேல் கோடுகளும், வாயின் இரு ஓரங்களிலும் கீழிறங்கும் மடிப்புகளும் அதிகமாகிவிட்டன. மகள் திருமணத்துக்கு முன்பு, 2025 ஆகஸ்ட் 21 அன்று, கோவையில் ஒரு தோல் அழகு கிளினிக்கில் 72,000 ரூபாய் கட்டி ஃபில்லர் ஊசி போட்டுக்கொண்டேன். ‘பத்து வயது குறைந்துவிடும்’ என்றார்கள். அன்றிரவே வலது வாயோரம் வெளுத்து, தாங்க முடியாத வலி. 9.40 மணிக்குப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ‘ஐஸ் வையுங்கள், இரண்டு நாளில் சரியாகும்’ என்று பதில் வந்தது. மூன்றாம் நாள் கன்றிக் கறுத்து, புண்ணாகி, இப்போது வடு. சுருக்கமும் போகவில்லை. வரவேற்பில் இருந்த பெண் என்னை அவமதித்தார். உறவினர் கேலி செய்கிறார்கள். 25 லட்சம் நஷ்டஈடு வேண்டும், அந்த மருத்துவர் சிறைக்குப் போக வேண்டும். இப்போது கிளினிக்கிலிருந்து அழைத்து, 30,000 ரூபாய் திருப்பித் தருகிறோம், வடுவுக்கு இலவசமாக லேசர் செய்கிறோம், வந்து கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். போகலாமா?

பதில்: போகாதீர்கள். காரணத்தைச் சொல்வதற்கு முன், உங்கள் வழக்கு எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியது எட்டுப் பக்கம். அதில் சட்டத்துக்கு வேண்டியது அந்த இரவு 9.40 மணிப் படமும் அதற்கு வந்த ஒரு வரிப் பதிலும்தான்.

சுருக்கம் போகவில்லை என்பதை விட்டுவிடுங்கள். வாயைச் சுற்றித் தோல் மெல்லியது. அடியில் வட்டமாக ஓடும் தசை, பேசும்போதும் உறிஞ்சும்போதும் அதை ஓயாமல் மடிக்கிறது. வயதோடு, தோலைத் தாங்கும் புரதமான கொலாஜன் குறைகிறது, மாதவிடாய் நின்றபின் இன்னும் வேகமாகக் குறைகிறது, வெயில் அதைச் சிதைக்கிறது. உங்களுக்குப் பல் எடுத்ததால் உதட்டுக்குப் பின்னால் இருந்த தாங்கலும் போய்விட்டது. ஃபில்லர் பள்ளத்தை நிரப்பும் பொருள். மேலுதட்டின் மெல்லிய செங்குத்துக் கோடுகளை அது முழுவதும் நீக்காது. அதற்கு லேசர், ரசாயன உரிப்பு, மிகச் சிறிய அளவில் போடாக்ஸ் என்று வேறு வழிகளைப் பார்ப்பார்கள். இதையெல்லாம் எதிர்தரப்பு தன் பதிலுரையில் நான்கு பக்கத்துக்கு எழுதும், அதில் தவறும் இருக்காது. மருத்துவர் பலனுக்கு உத்தரவாதம் தருபவர் அல்ல, நியாயமான கவனத்துக்கு மட்டுமே பொறுப்பானவர் என்பது நிலைபெற்ற சட்டம். ‘பத்து வயது’ என்று வாயால் சொன்னதை நிரூபிக்க முடியாது. அச்சிட்ட விளம்பரத்தில் அப்படி இருந்தால் எடுத்து வையுங்கள். வரவேற்புப் பெண்ணையும் உறவினர்களையும் மனுவில் ஒரு வரிகூடச் சேர்க்காதீர்கள். உங்கள் மனவலி எனக்குப் புரிகிறது. ஆனால் மனு நீளமாகும்போது, படிக்க வேண்டிய வரி தொலைந்துபோகிறது.

இப்போது அந்த இரவு. வாயோரத்தை ஒட்டி முகத் தமனியும் உதட்டுக்குப் போகும் அதன் கிளைகளும் ஓடுகின்றன. ஃபில்லர் கூழ் அதற்குள் புகுந்தாலோ வெளியிலிருந்து அழுத்தினாலோ இரத்தம் நின்றுபோகும். தோல் வெளுக்கும், வலிக்கும், வலைபோலக் கன்றும், பிறகு செத்துப் புண்ணாகும். நீங்கள் எழுதிய வரிசை இதுவேதான். இது தேர்ந்த கையிலும் நேரக்கூடியது. நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்திலும் இருக்கும். ஆகவே இரத்தக்குழாய் அடைபட்டது என்பதை மட்டும் வைத்துக் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. ஆனால் ஹயலூரானிக் அமில ஃபில்லரைக் கரைக்க ஹயலூரானிடேஸ் என்ற நொதி ஊசி இருக்கிறது. சந்தேகம் வந்த உடனே, மணிக்கணக்கைப் பார்த்துப் போட வேண்டிய ஊசி அது. ஐஸ் இரத்தக்குழாயை மேலும் சுருக்கும். அங்கே சொல்லியிருக்க வேண்டியது வெதுவெதுப்பான ஒத்தடமும் ‘உடனே வாருங்கள்’ என்பதும்தான். ஆபத்து வரலாம் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். ஆபத்து வந்தபின் பார்க்காமல் இருக்கலாம் என்று கையெழுத்துப் போடவில்லை. வழக்கு இவ்வளவுதான்.

பதில் அனுப்பியது மருத்துவரா, வரவேற்பில் இருந்தவரா என்று உங்கள் கடிதத்தில் தெளிவில்லை. யாராக இருந்தாலும் கிளினிக் பொறுப்பு. மருத்துவரிடம் காட்டாமலே வேறொருவர் பதில் போட்டிருந்தால் அது உங்களுக்கு இன்னும் சாதகம்.

சரி, இலவச லேசருக்கு வருவோம். என் அனுபவத்தில் இப்படிப்பட்ட வழக்குகள் கெடுவது இந்த இடத்தில்தான்.

கரூரிலிருந்து ஒரு கட்சிக்காரர் வந்தார். கன்னத்தில் ஊசி போட்டு ஏற்பட்ட கட்டி. வேறொரு கிளினிக், வேறொரு ஊர். ‘சரிசெய்து தருகிறோம்’ என்று நான்கு முறை கூப்பிட்டார்கள், நான்கு முறையும் போனார். ஒவ்வொரு முறையும் படுக்கையில் சாய்ந்த பிறகு ஒரு அட்டையில் தாளைச் செருகி நீட்டுவார்கள், முகத்தில் மரப்புக் களிம்பு பூசியிருக்கும், கண்ணாடியைக் கழற்றி வைத்திருப்பார், பேனா முனை காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வழக்குத் தொடுத்த பிறகு அந்த நான்கு தாள்களும் எதிர்தரப்பின் சான்றாவணங்களாக வந்தன. ‘முன்னேற்றம் திருப்தியளிக்கிறது’ என்ற வரி நான்கிலும் அச்சாகியிருந்தது. அந்தத் தாள்களை அவர் அப்போதுதான் முதன்முறையாகப் படித்தார், என் மேசையில் உட்கார்ந்து.

அதைவிடப் பெரிய சேதம் இன்னொன்று. முதலில் வந்த கட்டி எது, பின்னால் செய்த சிகிச்சையால் வந்த தழும்பு எது என்று எந்த மருத்துவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. உங்கள் விஷயத்தில் இது இன்னும் கடுமையாக இருக்கும். நம்முடைய மாநிறத் தோலில் லேசர் பட்ட இடம் கறுத்துப்போவது சாதாரணம். இன்று உங்கள் வாயோரத்தில், நீங்கள் அனுப்பிய படத்தில், நெல்மணி அளவில் வெளிறிய வடு இருக்கிறது. சிரிக்கும்போது உதட்டை வலப்பக்கம் இழுக்கிறது. அந்த இரவு என்ன நடந்தது என்பதற்கு உங்கள் உடம்பில் மிஞ்சியிருக்கும் நேரடிச் சாட்சி அதுதான். அதன்மேல் அவர்களே லேசர் வைத்துவிட்டால், பிறகு காட்ட உங்களிடம் என்ன இருக்கும்?

மூன்றாவதாகக் காலம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 69: இரண்டு ஆண்டுகள். ஊசி போட்ட நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், 2027 ஆகஸ்ட் 20க்குள் மனு உள்ளே போக வேண்டும். பேச்சுவார்த்தை நடந்தது, நோட்டீஸ் அனுப்பினோம், பதிலுக்குக் காத்திருந்தோம் என்பதெல்லாம் காலவரம்பை நீட்டாது. தாமத மன்னிப்பு மனு போடலாம்தான். கரூர்க்காரருக்கு அந்த மனு ஒன்றிலேயே பதினொரு மாதம் போனது. இலவச அமர்வுகளுக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை என்று தேதி கொடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

வடுவுக்குச் சிகிச்சை எடுக்காமல் இருங்கள் என்று நான் சொல்லவில்லை. உடம்புதான் முதலில், வழக்கு அப்புறம். ஆனால் வேறு மருத்துவரிடம் போங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் தோல் பிரிவுக்கோ பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுக்கோ போய்ப் புறநோயாளிச் சீட்டில் வடுவின் இடத்தையும் அளவையும் மில்லிமீட்டரில் எழுதி வாங்குங்கள். ‘கவனக்குறைவு’ என்று எழுதித் தரும்படி அவரைக் கேட்காதீர்கள். எழுத மாட்டார், எழுதினாலும் கேட்டு வாங்கியதுபோல் இருக்கும். பார்த்ததை அவர் எழுதினால் போதும். எல்லா வழக்கிலும் நிபுணர் கருத்து கட்டாயமில்லை என்று கிஷன் ராவ் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை நம்பி நிபுணர் கருத்து இல்லாமல் போய் வெறுங்கையோடு திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். இரத்தக்குழாய் அடைப்பு என்பது பார்த்தவுடன் எல்லோருக்கும் புரியும் விஷயமல்ல, நிபுணர் கருத்தைத் தனியே வாங்குங்கள்.

கிளினிக்குக்கு ஒரே ஒரு கடிதம் போடுங்கள், விரைவுத் தபாலில். என் சிகிச்சைப் பதிவுகள் முழுவதையும் தாருங்கள் என்று மட்டும். கோபம், மிரட்டல், தொகை எதுவும் அதில் வேண்டாம். மருத்துவ ஒழுக்க விதிகள், 2002இன்படி கேட்ட 72 மணி நேரத்தில் தர வேண்டும். அந்தப் பதிவில் நான் முதலில் தேடுவது ஃபில்லர் பெட்டியிலிருந்து உரித்து ஒட்டும் சின்னச் சீட்டு. பெயரும் தொகுதி எண்ணும் அதில் இருக்கும். உள்ளே போனது ஹயலூரானிக் அமிலமா, கரைக்கவே முடியாத வேறொன்றா என்பது அதில்தான் தெரியும். வேறொன்று என்றால் நொதி ஊசி போடாததைக் குற்றமாகச் சொல்ல முடியாது. கரையாத பொருளை வாயோரத்தில் ஏன் போட்டீர்கள், அதை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேள்வி மாறும். சீட்டே ஒட்டப்படவில்லை என்றால், அதற்கு அவர்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டும். ஊசி போட்டதாக நீங்கள் கடிதத்தில் எழுதிய ‘வெள்ளைக் கோட்டுப் பெண்’ மருத்துவராகப் பதிவு செய்தவரா என்பதையும் இதே பதிவில் பார்ப்போம். இல்லையென்றால் என்னுடைய கணக்கே வேறு.

போலீஸ் வேண்டாம். ஜேக்கப் மேத்யூ வழக்கில், 2005இல், மருத்துவரைக் குற்றவியல் வழக்கில் நிறுத்தக் கொடிய கவனக்குறைவு வேண்டும் என்றும், வேறொரு மருத்துவரின் சார்பற்ற கருத்தை முதலில் பெற வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. புகார் அந்த இடத்திலேயே நிற்கும். அதுவரை சமரசம் பேசிக்கொண்டிருந்தவர்களும் வாயை மூடிக்கொள்வார்கள்.

25 லட்சம்? கேட்கலாம். நீங்கள் கட்டிய தொகைதான் எந்த நுகர்வோர் ஆணையம் என்பதைத் தீர்மானிக்கிறது, அதனால் திண்டுக்கல் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், கட்டணமும் இல்லை. ஆனால் கேட்பதும் கிடைப்பதும் வேறு. 72,000 ரூபாய் பில், மேற்சிகிச்சைச் செலவு, நெல்மணி அளவு வடு: இவற்றை வைத்துக்கொண்டு 25 லட்சம் தரும் ஆணையத்தை நான் பார்த்ததில்லை. தீர்ப்புக்கு மேல் மாநில ஆணையத்தில் மேல்முறையீடும் உண்டு.

அதனால் வெளிப்படையாகச் சொல்கிறேன், அம்மா: சமரசம் செய்துகொள்ளுங்கள். ஆனால் அவர்கள் சொல்லும் சமரசம் அல்ல. பதிவுகள் கைக்கு வந்து, அரசு மருத்துவமனைச் சீட்டும் கருத்தும் வந்தபிறகு, வக்கீல் மூலம் பேசுங்கள். கட்டிய 72,000 முழுவதும், உங்களுக்குப் பிடித்த மருத்துவரிடம் வடுவுக்கு ஆகும் செலவு, வலிக்கு ஒரு தொகை, எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துக்குக் குறையாமல் கேளுங்கள். ஒன்றரைக்கு இறங்கி வந்தால் நான் வாங்கிக்கொள்ளச் சொல்வேன். அவர்களிடமே சிகிச்சை என்பது ஒப்பந்தத்தில் எந்த உருவத்திலும் இருக்கக்கூடாது. பணம் வங்கிக் கணக்கில் ஏறியபிறகு கையெழுத்து. 30,000 வாங்கிக்கொண்டு ‘முழுமையான இறுதித் தீர்வு, இனி எந்த உரிமைகோரலும் இல்லை’ என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு நீங்கள் எந்த வக்கீலிடம் போனாலும் அவர் முதலில் அந்தத் தாளைத்தான் கேட்பார்.

கடிதத்தின் கடைசியில், புதுப் போன் வாங்கிப் பழையதை மகனுக்குக் கொடுக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள். அந்த 9.40 மணிப் படமும் பதிலும் அந்தப் போனில்தான் இருக்கின்றன. வாட்ஸ்அப் போன்ற மின்னணுச் சான்றோடு சேர்த்துத் தர வேண்டிய சான்றிதழில் அந்தக் கருவியின் விவரத்தைத்தான் எழுத வேண்டியிருக்கும். உரையாடலைத் தேதி, நேரம் தெரியும்படி இன்றே பிரதி எடுத்துவிட்டு, போனை அணைத்துப் பீரோவில் வையுங்கள்.