வண்டியில் தங்கப் போகிறவர்களுக்கு எவ்வளவு சோலார் போதும்?

மாரி ஓய்ந்து வெயில் ஏறினால் வாகரை தொடங்கி பாணமை வரைக்கும் கிழக்கிலங்கைக் கடற்கரையோரம் வண்டியை நிறுத்தித் தங்குகிறவர்கள் கூடிவிடுகிறார்கள். அவர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை "எத்தனை வாட் பனல் வாங்கலாம்?" என்றுதான் தொடங்குகின்றன. நான் அதைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். ஒரு நாளில் எது எது எத்தனை மணி நேரம் ஓடும் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். பற்றரியும் பனலும் அந்தத் தாளிலிருந்துதான் வரவேண்டும்.

நாங்கள் நாலு பேர், வான் வண்டியில் இரண்டு இரவு தங்குவோம். போன், லைட், ஒரு விசிறி, அவ்வளவுதான். 100 வாட் பனல் போதுமா? (ஏறாவூர்)

போதும். 5000 மில்லி அம்பியர் மணி போன் ஒன்றை முழுதாக ஏற்ற, இழப்பையும் சேர்த்து 25 வாட் மணி (வாட்டை ஓடும் மணி நேரத்தால் பெருக்கிய அளவு) பிடிக்கும். நாலு போனுக்கு 100. 5 வாட் எல்.இ.டி லைட் இரண்டு, ஐந்து மணி நேரம் எரிந்தால் 50. 12 வாட் விசிறி விடிய விடிய ஓடினால் 110 வரும். மொத்தம் 260 வாட் மணி. நம் பக்கத்து நல்ல வெயில் நாளில் 100 வாட் பனல், சூடு, தூசி, வயர் இழப்பு எல்லாம் போக 350 அளவில் தரும்.

பற்றரிக்கு 12.8 வோல்ட், 50 அம்பியர் மணி லித்தியம் இரும்பு பொஸ்பேட் வகையைப் பாருங்கள். மொத்தம் 640 வாட் மணி. அதில் ஐந்தில் நாலு பங்கைத் தயங்காமல் எடுக்கலாம். ஒரு நாள் முழுக்க மப்பாக இருந்தாலும் இரண்டாம் இரவு இருட்டில் இருக்க மாட்டீர்கள். ஈயப் பற்றரியில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். அதே வேலைக்கு 100 அம்பியர் மணி வேண்டியிருக்கும், அதைத் தூக்கி வைக்க இரண்டு பேர் வேண்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். பற்றரியின் பொசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸ் போடுங்கள். பிள்ளைகள் தூங்கும் வண்டி அது.

வானின் இன்ஜின் ஓடும்போதே இரண்டாவது பற்றரியை ஏற்ற முடியாதா? (வாழைச்சேனை)

முடியும். சொல்லப்போனால், தினமும் ஊர் மாறி ஓடுகிறவர்களுக்கு இதுதான் முதல் வழி. 20 அம்பியர் டி.சி-டு-டி.சி சார்ஜர் (ஓடும் வண்டியின் மின்சாரத்தை இரண்டாவது பற்றரிக்கு அளவாக ஏற்றும் கருவி) ஒன்று மணிக்கு 250 வாட் மணி அளவில் ஏற்றும். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் போய்ச் சேர இரண்டரை மணி நேரம் எடுத்தால் 600 ஏறியிருக்கும். 100 வாட் பனல் ஒரு நாள் முழுக்கத் தருவதைவிட அது அதிகம்! ஒரே இடத்தில் இரண்டு மூன்று நாள் வண்டியை அசைக்காமல் இருப்பவருக்குத்தான் பனல் அவசியம்.

வெறும் வயரால் இரண்டு பற்றரியையும் நேராக இணைத்து வைக்காதீர்கள். லித்தியம் பற்றரி அளவுக்கு மீறி இழுத்தால், இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் ஓல்டர்னேட்டர் சூடேறிக் கெடும். இரவில் நீங்கள் பாவிப்பது ஸ்டார்ட் பற்றரியையும் சேர்த்து இறக்கிவிடும்.

பனலைத் தெற்குப் பார்த்து 30 பாகை சாய்க்கச் சொல்லி வீடியோக்களில் காட்டுகிறார்கள். அறுகம்பையிலும் அப்படியா? (பொத்துவில்)

இல்லை. அந்த வீடியோக்கள் நமக்கு வெகு வடக்கே இருக்கும் நாடுகளுக்கானவை. பொத்துவில் ஏறக்குறைய 7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாள் முன்னும், பிறகு செப்டெம்பர் தொடக்கத்திலும் நடுப்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வரும். இடைப்பட்ட மாதங்களில், அதாவது அறுகம்பையில் அலைச்சறுக்குக்காரர் நிறைந்திருக்கும் காலத்தில், மத்தியான வெயில் வடக்கிலிருந்துதான் விழுகிறது. ஜூன் கடைசியில் 16 பாகை அளவுக்கு வடக்கே போகும். அந்நேரம் பனலைத் தெற்கே 30 பாகை சாய்த்தால் மத்தியானத்தில் நேர் வெயிலின் மூன்றில் ஒரு பங்கை இழப்பீர்கள். கூரையில் படுக்கையாகவே விட்டால் இழப்பு நூற்றுக்கு நாலுதான். ஆகவே படுக்கையாகப் போடுங்கள், காலையில் ஒரு தரம் தூசியைத் துடையுங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் நிழல். பனலில் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டவை. ஒரு தென்னோலையின் நிழல் குறுக்கே விழுந்தாலே பாதிக்கு மேல் போய்விடலாம். ஆனால் வண்டியை வெயிலில் விட்டால் உள்ளே இருக்க முடியாது. அதனால்தான் தென்னந்தோப்பில் தங்குகிறவர்களுக்குக் கூரைப் பனலைவிட மடிக்கும் பனலைச் சொல்கிறேன். வண்டி நிழலில், பனல் மணலில். 5 மீற்றர் வயர் போதும், ஆனால் 4 சதுர மில்லிமீற்றர் தடிப்பு இருக்கட்டும். மெல்லிய வயர் வோல்ட்டைத் தின்றுவிடும்.

கூரையில்தான் என்றால், பனலுக்கும் தகரத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். 25 பாகை செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு பாகை சூட்டுக்கும் நூற்றுக்கு 0.4 அளவில் உற்பத்தி குறையும். கச்சான் காற்று அடிக்கும் மத்தியானத்தில் பனல் 60 பாகையைத் தாண்டும். வளையக்கூடிய பனலைத் தகரத்தோடு ஒட்டினால் சூடு போக வழியே இல்லை. அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

எம்.பி.பி.டி கொன்ட்ரோலருக்குக் கூடக் காசு கொடுக்கலாமா? (கல்முனை)

கொடுக்கலாம். பனலுக்கும் பற்றரிக்கும் நடுவே நின்று ஏற்றத்தைக் கட்டுப்படுத்துவதுதான் கொன்ட்ரோலர். 100 வாட் பனல் 18 வோல்ட்டில் 5.5 அம்பியர் தரும். மலிவான பி.டபிள்யூ.எம் வகை அதைப் பற்றரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்து இறக்கிவிடுவதால் கையில் கிடைப்பது 72 வாட். எம்.பி.பி.டி அந்த இழப்பில் பெரும்பகுதியை மீட்டுத் தரும். பூட்டும்போது முதலில் பற்றரி, அப்புறம் பனல். கழற்றும்போது மறுதலையாக.

மீன் வாங்கி வைக்க ஒரு சின்ன பிரிட்ஜ் வேண்டும். 12 வோல்ட் கூலர் மலிவாகக் கிடைக்கிறதே? (அக்கரைப்பற்று)

கம்பிரசர் இல்லாத அந்த மலிவுக் கூலரை வாங்க வேண்டாம், தங்கச்சி. 50 வாட் ஓயாமல் இழுத்து ஒரு நாளைக்கு 1200 வாட் மணி தின்னும். அப்படியும் வெளிச்சூட்டைவிட 20 பாகை அளவுதான் குறைக்கும். வண்டிக்குள் 38 என்றால் மீன் 18 பாகையில் கிடக்கும். அது கெட்டுப்போகும். கம்பிரசர் வகை நம் வெயிலில் பாதி நேரம் ஓடி 500, 600 பிடிக்கும். அதற்கு 200 வாட் பனலும் 100 அம்பியர் மணி லித்தியமும் தேவை. இரண்டு நாள் பயணம் என்றால் ரெஜிபோம் பெட்டியும் மீனின் எடைக்கு ஐஸும் போதும்.

கதிர்காமப் பாதயாத்திரைக் காலத்தில் உகந்தையில் லொறியோடு நின்று அடியார்களுக்குப் போன் சார்ஜ் செய்து கொடுக்க நினைக்கிறோம். (திருக்கோவில்)

நல்ல காரியம். ஒரு நாளைக்கு 40 போன் என்று வைத்தால் 1000 வாட் மணி. 300 வாட் பனல், 30 அம்பியர் எம்.பி.பி.டி, 100 அம்பியர் மணி லித்தியம். இன்வேர்ட்டர் (பற்றரி மின்சாரத்தை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) வேண்டாம், அது சும்மா நிற்கும்போதும் கரண்ட் குடிக்கும். 12 வோல்ட்டிலிருந்து நேரே யூ.எஸ்.பி முனைகளை எடுங்கள். காலை 9 முதல் பின்னேரம் 3 வரை ஏற்றினால் வெயில் நேரே போனுக்குப் போகும், பற்றரி இரவு லைட்டுக்கு மிஞ்சும். காட்டுப்பாதைக்குள் இறங்குகிறவர்களுக்கு முதல் இடம் கொடுங்கள். போனை நிரப்பி, அணைத்துவிட்டு எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

முதுகில் சோலார் பதித்த பவர் பாங்க் எப்படி? (காத்தான்குடி)

அந்தச் சின்னத் துண்டு 1 அல்லது 2 வாட்தான் தரும். 20,000 மில்லி அம்பியர் மணி பவர் பாங்கை நிரப்பப் பத்து நாள் வெயில் வேண்டும். அதைவிட, பற்றரியையே வெயிலில் காயவைப்பது ஆபத்து. வீட்டில் நிரப்பிக்கொண்டு போங்கள்.

மாரி காலத்தில் கரண்ட் போனால் இதையே வீட்டில் பாவிக்கலாமா? (ஆரையம்பதி)

தாராளமாக. ஆனால் கார்த்திகை, மார்கழியின் அடைமழையில் 100 வாட் பனல் 50 வாட் மணி தந்தாலே பெரிது. மழை தொடங்குமுன் பற்றரியை நிரப்பி வையுங்கள். பாவிக்காமல் மாதக்கணக்கில் வைப்பதானால் பாதி அளவில் நிறுத்தி, வெயில் படாத அறையில் வையுங்கள். பனலை உப்புப் போக நல்ல தண்ணீரால் கழுவி, பிளக்குகளைக் காயவிட்டு மூடுங்கள்.