பேட்ஜ் ஒன்று போதுமா?

கேள்வி: நான் மருத்துவமனையில் எக்ஸ்ரே டெக்னீஷியன். சட்டையில் மாட்டும் டிஎல்டி பேட்ஜை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பினால், எவ்வளவு கதிர்வீச்சு வாங்கினேன் என்று கணக்கு வருகிறது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களுக்கும் இதே பேட்ஜ் போதாதா? பள்ளிக் கண்காட்சிக்கு என் மகள் இதை வைத்து மாடல் செய்கிறாள்.

பதில்: பேட்ஜ் அங்கேயும் போகிறது, ஆனால் தனியாகப் போவதில்லை. உங்கள் பேட்ஜுக்குள் இருக்கும் வெள்ளை வில்லைகள் டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட். ஹங்கேரிக்காரர்களின் 'பில்லே' கருவியிலும் அதே சரக்குதான், கண்ணாடிக் குமிழுக்குள் அடைத்திருப்பார்கள். 1980-இல் ஹங்கேரி விண்வெளி வீரர் பெர்தலான் ஃபர்கஷ் அதை சோவியத்தின் சல்யூத்-6 விண்வெளி நிலையத்துக்குக் கொண்டுபோனார். குமிழைச் சூடாக்கினால் வாங்கிவைத்ததை ஒளியாகக் கக்கும். அந்த ஒளியை அளக்கும் ரீடரும் விண்கலத்திலேயே இருப்பதால், விண்நடை முடிந்து உள்ளே வந்ததும் பார்த்துவிடலாம்.

சிக்கல் எங்கே என்றால், எக்ஸ்ரே தூறல் மாதிரி. வாசல் முழுக்கக் குடம் வைத்தால் எல்லாவற்றிலும் கொஞ்சம் விழும், அளந்துவிடலாம். அண்டக் கதிர்களில் வரும் இரும்பு அணுக்கரு அப்படியல்ல. ஒரு லாரித் தண்ணீரை ஒரே குடத்தில் கவிழ்க்கும். குடம் நிரம்பி, மிச்சம் வழிந்து ஓடிவிடும். பேட்ஜ் குறைத்துக் காட்டுவது இப்படித்தான். குறைத்துக் காட்டுவது உடம்பை அதிகம் கெடுக்கும் துகளை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அதனால் பக்கத்திலேயே சிஆர்-39 என்ற பிளாஸ்டிக் துண்டையும் வைப்பார்கள். மூக்குக் கண்ணாடி லென்ஸ் செய்கிற அதே பிளாஸ்டிக். கனமான துகள் துளைத்த இடம் கண்ணுக்குத் தெரியாது. பூமிக்கு வந்ததும் சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்தால் அந்த இடம் மட்டும் வேகமாக அரித்து, மைக்ராஸ்கோப்பில் சின்னக் குழியாகத் தெரியும். குழியின் அளவை வைத்துத் துகள் எவ்வளவு ஆற்றலைக் கொட்டியது என்று கணக்கிடலாம். கொட்டிய ஆற்றலை கிரே அலகில் சொல்வோம். அதைத் தரக் காரணியால், அதாவது அந்தக் கதிர் உடம்பை எவ்வளவு கெடுக்கும் என்று காட்டும் எண்ணால், பெருக்கினால் சீவெர்ட். எக்ஸ்ரேவுக்கு அந்தக் காரணி 1. கனத் துகளுக்கு 30 வரை போகும்.

சரி, எப்போது வாங்கினார்கள் என்பதை பேட்ஜும் சொல்லாது, பிளாஸ்டிக்கும் சொல்லாது. தென் அட்லாண்டிக் பகுதிக்கு மேலே பூமியின் காந்தப்புலம் பலவீனம், அதனால் அங்கே கதிர்வீச்சு அதிகம். நிலையம் அதைக் கடக்கும் சில நிமிடங்களில் அன்றைய கணக்கில் கணிசமான பங்கு சேர்ந்துவிடும். சூரியப் புயல் வந்தால் உடனே ஒதுங்கவும் வேண்டும். இதற்குத்தான் மின்கருவிகள். ஒன்றில் திசு போன்ற பிளாஸ்டிக் சுவருக்குள் குறைந்த அழுத்தத்தில் புரொபேன் வாயு இருக்கும். ஒரு செல் அளவுள்ள திசுவில் விழும் ஆற்றலை அது போலி செய்து காட்டும். இன்னொன்று ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னில் பிறந்த டைம்பிக்ஸ் சில்லு. கேமரா சென்சர் போல 256-க்கு 256 புள்ளிகள். துகள் விட்டுச்செல்லும் கோடும் புள்ளியும் படமாகவே வரும். விண்வெளி நிலையத்தில் 2012 முதல் அதை லேப்டாப் யூஎஸ்பியில் செருகி வைத்திருந்தார்கள்.

அளவு எவ்வளவு? நிலையத்தில் நாளொன்றுக்கு அரை மில்லிசீவெர்ட்டுக்குக் குறையாது என்று வையுங்கள். உங்களுக்கு ஆண்டுச் சராசரி வரம்பு 20. அவர்கள் அதை ஆறு வாரத்துக்குள் தாண்டிவிடுவார்கள். நாசா ஒருவரின் பணிக்காலம் முழுமைக்கும் வைத்திருக்கும் வரம்பு 600.

மாடலில் பேட்ஜ், பிளாஸ்டிக், சில்லு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். பழைய மூக்குக் கண்ணாடி லென்ஸே போதும். காஸ்டிக் சோடா வேலை வேண்டாம். அப்புறம், உங்கள் பேட்ஜை மட்டும் கண்காட்சி மேசைக்கு அனுப்பிவிடாதீர்கள். அதில் ஏறுவதெல்லாம் உங்கள் பெயரில்தான் பதிவாகும். காலி ஹோல்டர் ஒன்று கிடைக்குமா என்று உங்கள் ஆர்எஸ்ஓவிடம் (கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி) கேட்டுப் பாருங்கள்.