வாள்பிடி: விரல்களைக் காப்பது எப்படி? (கேள்வி பதில்)

பழைய ஐரோப்பிய வாள்களில் பயிற்சி செய்பவர்கள் பிடியைப் பற்றிக் கேட்டவையும் என் பதில்களும்.

கேள்வி: லாங்ஸ்வார்டு (இரு கைகளாலும் பிடிக்கும் நீண்ட வாள்) பயிற்சி முடிந்ததும் முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கிறது. வாளின் கனமா காரணம்?

பதில்: கனமாக இருக்காது. லாங்ஸ்வார்டு பெரும்பாலும் 1.2 முதல் 1.6 கிலோதான், அதையும் இரண்டு கைகள் தாங்குகின்றன. நீங்கள் முழு நேரமும் பிடியை நசுக்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகள் அந்த வெளிப்பக்க எலும்பில்தான் போய்ச் சேர்கின்றன. அவை ஓய்வில்லாமல் இறுகினால் அங்கேதான் வலிக்கும். வாள் நழுவாத அளவுக்குப் பிடித்தால் போதும். வெட்டு சேரும் நொடியில் இறுக்குங்கள், உடனே தளர்த்துங்கள். இன்னொன்று: வலது கையைக் குறுக்குக் காப்போடு, அதாவது பிடிக்கும் அலகுக்கும் நடுவே குறுக்காக நிற்கும் கம்பியோடு, ஒட்டி வைக்காதீர்கள். ஒட்டியிருந்தால் காப்பில் விழும் அடி ஆட்காட்டி விரலுக்கும் வந்து சேரும். வலி ஓரிரு வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள், அதுவரை வாள் வேண்டாம்.

கேள்வி: ட்ஸ்வெர்ஹாவ் வெட்டுக்குப் பெருவிரலை அலகின் தட்டைப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறார்கள். விரல் உடையாதா?

பதில்: பழைய வாள் ஆசான் லீச்டெனாவர் வழிவந்த ஜெர்மன் மரபில் இது தலை உயரத்தில் கிடையாக வீசும் வெட்டு. வலப்பக்கமிருந்து சரியாக வீசினால் பெருவிரல் அலகுக்கு அடியில் வந்துவிடும். மேலிருந்து இறங்கும் அடியை அலகும் காப்பும் வாங்கிக்கொள்ளும். கைகள் தாழ்ந்துபோனால்தான் ஆபத்து, ஏனென்றால் அப்போது விரல்களை மறைக்க எதுவும் இல்லை. ஆகவே முதலில் உயரத்தைப் பழகுங்கள், வேகம் அப்புறம். பயிற்சி வாளான ஃபெடரில் காப்பை அடுத்து அலகு அகன்றிருக்கும். பெருவிரல் அந்தப் பகுதியைத் தாண்டக் கூடாது. குத்தும்போது விரலை விறைப்பாக நீட்டி வைக்காதீர்கள், நுனி மோதி மூட்டு பிசகும்.

கேள்வி: ரேப்பியரில் (குத்துவதற்கான மெல்லிய நீண்ட வாள்) ஆட்காட்டி விரலைக் காப்புக்கு மேலே போடுகிறேன். ஒரு கை வாளிலும் அப்படிச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். ரேப்பியரில் அந்த விரலைச் சுற்றி வளையங்களோ கிண்ணமோ இருக்கிறது. வெறும் குறுக்குக் காப்பு உள்ள வாளில் விரல் அப்படியே திறந்து கிடக்கும். அங்கே பிடியை உள்ளங்கையில் சாய்வாகக் கிடத்துங்கள், கை நீளும்போது மணிக்கட்டு மடங்காது. வாள் பிடித்த கையைச் சிறு கேடயத்தால் மறைத்தே நகர்வதை 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ஐ.33 சுவடியின் படங்களில் பார்க்கலாம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ராயல் ஆர்மரீஸ் ஆயுத அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தச் சுவடிதான் இன்று கிடைப்பதில் மிகப் பழைய வாள்பயிற்சி நூல். கேடயம் வைத்திருப்பவர்கள் அதைக் கட்டாயம் பாருங்கள்.

கேள்வி: லக்ராஸ் விளையாட்டுக்கான கையுறை போதுமா?

பதில்: நைலான் வாளில் மெதுவான பயிற்சிக்குச் சரி. எஃகு லாங்ஸ்வார்டில் முழு வேகச் சண்டைக்குப் போதாது, விரல் நுனிகள் உடையும். அதற்கென்று செய்த கனமான கையுறை வாங்குங்கள். வாங்கும்முன் உங்கள் வாளையும் கடைக்கு எடுத்துப்போய்ப் பிடித்துப் பாருங்கள். பெருவிரல் தட்டைப் பக்கத்தில் உட்காரவில்லை என்றால் வேறு ஜோடி கேளுங்கள்.